பால் குடித்த கல்

எங்கள் வீட்டில் ஒரு கல் பால் குடித்தது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கல்லால் பெரியமாமா வவுனியாவிலிருந்த ஒரு பாவப்பட்ட மனுஷியை வாயில் வந்தபடி பேசினார். அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். சின்னம்மாவின் கல்யாணப் பேச்சு ஊஞ்சல் ஆடியது. இவ்வளவு கூத்தையும் ஆட்டிவைத்த கல் ஒரு புளியங்கொட்டை அளவுகூட இல்லை. அதற்கு ஓபல் என்று பெயர்.

அப்போது நாங்கள் லிங்கநகரில் இருந்தோம். எனக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை, எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பல வருஷம் தொண்டர் ஆசிரியையாகக் கிடந்து தேய்ந்த பிறகு அந்த வருஷம்தான் அவளுக்கு இறக்கக்கண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நிரந்தர நியமனம் கிடைத்திருந்தது. நியமனம் கிடைத்த கையோடு சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். காலையில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, நிலாவெளி வீதியில் அவள் பறக்கிற அழகை நான் வாசலில் நின்று பார்ப்பேன். பின்னேரம் வந்ததும் கடற்கரைப் பிள்ளைகளின் கதைதான். ஒருத்தன் புத்தகப் பைக்குள் உயிர் நண்டைக் கொண்டுவந்து விட்டானாம், ஒருத்திக்கு ‘ழ’ எழுதத் தெரிந்த அன்று வகுப்பே கைதட்டியதாம். சொல்லும்போது சின்னம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் கிட்டப் போய் எதைக் கேட்டாலும் தருவாள்.

பெரியமாமா அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர். துறைமுகத்தில் எழுதுவினைஞர். தகப்பன் போன பிறகு இரண்டு தங்கச்சிமாரையும் கரைசேர்க்க வேண்டும் என்று தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவர். அடுத்த ஒழுங்கையில் வீடு இருந்தும் பாதி நாள் எங்கள் வீட்டுக் கதிரையில்தான் இருப்பார். அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. பயம் என்றால் ஒருநாள் தெளிந்துவிடலாம், இது நன்றி. நன்றிக்கு எதிராக வாய் திறக்க யாரால் ஏலும்? அம்மாவால் ஏலவில்லை. சின்னம்மாவால் சுத்தமாக ஏலவில்லை.

அந்த மாமாதான் மெல்பேர்ணில் இருந்த ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். நல்ல பெடியன், நல்ல குடும்பம், தகப்பன் இல்லை, தாய் வவுனியாவில், ஒரு தங்கச்சி, அவளும் கட்டிக்கொடுத்தாயிற்று. போனில் படம் வந்தது. அம்மா படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். சின்னம்மா ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தாள்.

“அண்ணா, இப்பத்தானே எனக்கு நியமனம் வந்திருக்கு. அங்க போய் நான் என்ன செய்யிறது?”

“அங்க போனா நீ ஒண்டும் செய்யத் தேவையில்லையடி” என்றார் மாமா.

அன்பாகத்தான் சொன்னார். தங்கச்சி கஷ்டப்பட்டது போதும், இனி இருந்து சாப்பிடட்டும் என்பது அவருடைய எண்ணம். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போய்விட்டாள். மௌனம் சம்மதம் என்று முதலில் சொன்னவன் ஆம்பிளையாகத்தான் இருப்பான் என்று எனக்கு இப்போது படுகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, மாமா எல்லாருமே அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் பெண் பார்க்க வந்தார். மெலிந்த மனுஷி. நரைத்த தலை, பருத்திச் சேலை, அதிகம் கதைக்கமாட்டார். புறப்படுகிற நேரத்தில் கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் முடிந்து வைத்திருந்த ஒரு மோதிரத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். மகன் அங்கே வாங்கி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டானாம். நிச்சயம் முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே பிள்ளையின் கையில் இருக்கட்டும் என்று மகன் ஆசைப்பட்டானாம்.

நான் அம்மாவின் கைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பால் வெள்ளைக் கல். அம்மா கையை அசைத்ததும் அதற்குள் பச்சை ஓடியது. இன்னும் கொஞ்சம் அசைத்ததும் செம்மஞ்சள், பிறகு நீலம், பிறகு எங்கேயோ ஒரு மூலையில் சிவப்பு. ஒரு நிறத்தைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தால் அது வேறு இடத்துக்குப் போய்விடும்.

“துறைமுகத்து ஜெட்டியடித் தண்ணியில எண்ணெய் மிதக்கிற மாதிரி இருக்கு” என்றேன் நான்.

அம்மா ஒருத்தருக்கும் தெரியாமல் என் தொடையில் கிள்ளினாள். ஆனால் மாப்பிள்ளையின் தாயாரான அந்த அம்மா சிரித்துவிட்டார். “ஓம் பிள்ளை, நீ சொன்னாப் போலதான் இருக்கு” என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது.

அத்தோடு விட்டிருந்தால் கல் விரலில் ஏறியிருக்கும், சின்னம்மா பிளேனில் ஏறியிருப்பாள். அம்மா விடவில்லை. புதுக் கல்லைச் சும்மா போடலாமோ? சாத்திரியாரிடம் போனாள். வைரம் வெள்ளிக் கிரகத்துக்கு உரிய கல், வைரம் இல்லாத இடத்தில் ஓபல் அந்த வேலையைச் செய்யும், கல்யாணத் தடை நீங்கும், ஆனால் கல்லைப் பசும்பாலில் தோய்த்துத் தோஷம் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது ஒரு தோய்ப்பு. என் அம்மா எதையும் ஊறவைக்கிற ஆள். தோய்ப்பதோடு திருப்திப்பட மாட்டாள். தங்கச்சிக்குக் கொஞ்சமும் தோஷம் மிஞ்சக்கூடாது என்று வியாழன் பின்னேரமே ஒரு சில்வர் கிண்ணத்தில் பால் ஊற்றி, மோதிரத்தை அதற்குள் போட்டு, சாமியறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

விடியக் காலமை சாமியறைக்குள்ளிருந்து “ஐயோ என்ர அம்மாளே!” என்று ஒரு சத்தம். நாங்கள் ஓடினோம். பால் சொட்டச் சொட்ட மோதிரத்தை அம்மா பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பாலின் வெள்ளைகூட இல்லை. ஐஸ் துண்டு கரைகிற நேரத்தில் இருக்குமே, அப்படி மங்கலாக, ஊடுருவிப் பார்த்தால் அடியிலிருந்த தங்கம் தெரிகிற மாதிரிக் கிடந்தது. அம்மா அதைத் துடைத்தாள், ஊதினாள், மறுபடி துடைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மாமாவுக்குச் சொல்லியனுப்பினோம். சவரம் பாதியில் இருக்க, தோளில் துவாயோடு வந்தார். மோதிரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணந்து பார்த்தார். பால் மணந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார்.

“கண்ணாடி” என்றார். “மேல என்னத்தையோ பூசிக் குடுத்திருக்கினம். பாலில கழண்டு போச்சு.”

“அண்ணா, அவசரப்படாதேங்கோ. ஆரும் தெரிஞ்ச ஆக்களிட்டக் காட்டுவம்” என்றாள் அம்மா. தோஷம்தான் இன்னும் கழியவில்லையோ என்று மோதிரத்தை மறுபடி பாலுக்குள்ளேயே போட்டுவைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மாமா நகரத்துக்குப் போகிற நாளெல்லாம் மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம், எனக்கு ஐஸ்கிரீம் கிடைக்கும். அன்றும் ஏறிக்கொண்டேன். முதலில் ஒரு நகைக்கடை. கடைக்காரர் கல்லை நகத்தால் தட்டிப் பார்த்து, கண்ணாடியாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம் என்றார். தனக்கு விருப்பமான பதிலைச் சொன்னவரிடம் மாமா நன்றி சொல்லி, குடும்ப விஷயம் முழுவதையும் கொட்டி முடித்தார். கடையில் தோடு பார்க்க வந்த பெண்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடைக்காரரே கல் வியாபாரி ஒருவரிடம் போகச் சொன்னார். கிண்ணியா ஆள். சந்தைக்குக் கிட்ட ஒரு மாடியறையில் இருந்தார். தொப்பி, வெற்றிலைச் சிவப்பு வாய், பெரிய குரல், தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிக்கிற சுபாவம். “வாங்க ஐயா, இரிங்க. ரெத்தினபுரிக் கல்லுச் சந்தையில என்னைப் பத்திக் கேட்டுப் பாருங்க” என்று தொடங்கினார். கண்ணில் வில்லையை வைத்துப் பார்த்தார், டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நான் கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்தார். நாக்கை நீட்டி, கல்லை நாக்கில் வைத்தார். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

“நாக்குல ஒட்டுதா எண்டு பாத்தன்” என்றார். “ஒட்டல்ல. நனைஞ்சு கிடக்கு. பாலுல போட்டீங்களோ?”

“ஓம். அது எங்கட முறை.”

“உங்கட முறை பிழையில்ல ஐயா. கல்லுக்கு அது தெரியாதே.” அவர் சிரித்துவிட்டு விளக்கத் தொடங்கினார். “இதுல மூணு சாதி இருக்கு. மண்ணுக்குள்ள தானா விளைஞ்சது ஒண்டு. விளைஞ்சதை எடுத்துப் புகை காட்டி, சீனிப் பாகுல ஊறப்போட்டு, நிறம் தூக்கி விக்கிறது மத்தது. அடியோட மனுசன் செஞ்சது மூணாவது. அதுல நிறமெல்லாம் பல்லித் தோல் மாதிரி வரிசையா அடுக்கி இருக்கும்.”

“இது மூண்டாவதுதானே?” என்றார் மாமா.

“ஈரத்தோட கொண்டு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ற? நம்மட மண்ணுக் கல்லெண்டா நீலமோ, புஷ்பராகமோ, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருவன். இது வெளிநாட்டுக் கல்லு, எனக்கும் அவ்வளவு பழக்கமில்ல.”

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன் அடித்தது. அம்மாதான். என்னவாம், என்னவாம் என்று கேட்கிறாள். “மனுசன் செஞ்ச கல்லுமாம் இருக்கு, நான் வந்து சொல்லுறன்” என்று கத்திக்கொண்டே மாமா மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டு, படியிறங்கிவிட்டார். வியாபாரிக்குப் பாதிக் கதை வாயில் மிச்சமிருந்தது. மிச்சத்தைச் சொல்ல அங்கே நான் மட்டும்தான் நின்றேன். ஆதலால் எனக்குச் சொன்னார்.

“மகள், சில நாட்டு ஓபல் தண்ணி குடிக்கும். குடிச்சா நிறம் போயிரும். காய விட்டா நிறம் திரும்பி வரும். வந்தா அது நல்ல கல்லு. மாமாக்கிட்டச் சொல்லு, சரியா?”

நான் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்திச் சொன்னேன். அவர் தலைக்கவசத்துக்குள் “ஓம், ஓம், ஐஸ்கிரீம் வாங்கித் தாறன்” என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “பெரியாக்கள் கதைக்கேக்க வாய் வைக்காத” என்றாள். அப்பா பத்திரிகைக்குள் இருந்தார், அவரிடம் எதைச் சொன்னாலும் பத்திரிகைதான் கேட்கும். மாமா கதிரையில் சாய்ந்துகொண்டு தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கிண்ணியா ஆளே சொல்லிவிட்டாராம், மனுஷன் செய்த கல்லாம். அம்மா மோதிரத்தைச் சின்னம்மாவின் மேசையில் போட்டு, இனி இது என் கண்ணில் படக்கூடாது என்றாள்.

கடைசியில் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது சின்னம்மா மட்டும்தான். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள் சவர்க்காரக் கையோடு அப்படியே இருந்துவிட்டாள்.

“காய விட்டா நிறம் வருமாமோ? அப்பிடித்தான் சொன்னவரோ?”

“ஓம் சின்னம்மா. தண்ணி குடிச்சா நிறம் போகும். காய்ஞ்சா வரும். வந்தா நல்ல கல்லாம்.”

சின்னம்மா கொஞ்ச நேரம் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய் ஒரு பழைய ஜாம் போத்தலைக் கழுவி, அதில் தண்ணீர் நிரப்பி, மோதிரத்தை அதற்குள் போட்டு, அலுமாரிக்குள் தன் சேலைகளுக்குப் பின்னால் வைத்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காய அல்லவா விட வேண்டும்?

“பாலில கிடந்ததுக்குத் தண்ணி விடாய் எடுக்குமெல்லோ? கொஞ்ச நாள் குடிக்கட்டும்” என்றாள். “ஒருத்தருக்கும் சொல்லாத, என்ன?”

எனக்கு விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சின்னம்மா எல்லாரையும் திடீரென்று ஆச்சரியப்படுத்தப் போகிறாள், நல்ல வெயில் நாள் ஒன்று பார்த்துக் கல்லைக் காயவைத்து நிறத்தைக் காட்டப் போகிறாள். அப்படியொரு பெரிய இரகசியத்தில் எனக்குப் பங்கு கிடைத்த பெருமையில் நான் தரையில் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அலுமாரியைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிடுவேன்.

மாமா வந்து “எங்க அந்தக் கல்லு, ஏதும் மாறிச்சோ?” என்று கேட்கிற நாட்களில் சின்னம்மா அறைக்குள் போய், மோதிரத்தை எடுத்து, நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து காட்டுவாள். அது ஐஸ் துண்டாகவே இருக்கும். மாமா பல்லைக் கடிப்பார். சின்னம்மா முகத்தை வெகு பாவமாக வைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். போன சற்று நேரத்தில் அறைக்குள்ளிருந்து ஒரு பாட்டு முணுமுணுப்பாக வரும். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். மாமா மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, இந்தச் சம்பந்தம் சரிவராது என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார், அதோடு தன் தலை தப்பும் என்று நினைத்திருக்கிறாள்.

மாமாவின் மரியாதையை அவள் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டாள். அவர் ஒரு பின்னேரம் எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போன் எடுத்து, சத்தத்தையும் வெளியே கேட்க விட்டார்.

“கண்ணாடித் துண்டைக் குடுத்து என்ர தங்கச்சியைக் கொண்டு போகலாம் எண்டு நினைச்சீங்களோ? உங்கட வளர்ப்பு அப்பிடியோ?” என்றார். இன்னும் சொன்னார். அதையெல்லாம் எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

 மறுபக்கத்திலிருந்து, “தம்பி, என்ர பிள்ளை அப்பிடிச் செய்யிறவன் இல்லை” என்று மட்டும் கேட்டது. அழைப்பு நின்றுவிட்டது. சின்னம்மா குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அறைக்குள்ளிருந்து பாட்டு வரவில்லை. நான் போத்தலைப் பார்ப்போமா என்று கேட்டதற்கு, பேசாமல் போய்ப் படி என்று எரிந்து விழுந்தாள்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அந்த அம்மா தனியாக இறங்கினார். வவுனியா பஸ்ஸில் வந்த களைப்பு, சேலையெல்லாம் கசங்கிப்போயிருந்தது. அம்மா கதிரையை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. மாமாவுக்கு ஆள் போய், மாமா வேலையால் ஓடிவந்து சேரும்வரை அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

மாமா வந்ததும் எழுந்து நின்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர்.

“தம்பி, நான் சம்பந்தம் கேட்டு வரேல்லை” என்றார். “அது போகட்டும். என்ர பிள்ளை அங்க இரவு வேலை செய்து வாங்கின மோதிரம் அது. அவனைக் கடைக்காரன் ஏமாத்தியிருந்தா அது அவன்ர விதி. ஆனா அவன் ஆரையும் ஏமாத்தயில்லை. உங்கட கதை வவுனியா வரைக்கும் வந்திட்டுது. என்ர மகளின்ர மாமியார், அப்ப எங்களுக்குத் தந்த நகையும் இப்பிடித்தானோ எண்டு கேட்கிறா. எனக்கு ஒண்டும் வேண்டாம். நாங்கள் கள்ளர் இல்லை எண்டு அந்த ஆக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ.”

சொல்லி முடிக்கவும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.  மாமாவுக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் சபையில் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத மனுஷன். “அதுக்கு நான் என்ன செய்ய? கல்லு கல்லா இருந்தா நான் ஏன் கதைக்கிறன்?” என்றார்.

சின்னம்மா பள்ளிக்கூடத்தால் அப்போதுதான் வந்திருந்தாள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கவசத்தைக் கதிரையில் போட்டாள். ஒருவரையும் பார்க்காமல் அறைக்குள் போனாள். வரும்போது கையில் ஜாம் போத்தல் இருந்தது.

 அந்த நாள் வந்துவிட்டது! இதோ காட்டப் போகிறாள்!

சின்னம்மா எல்லாரின் முன்னாலும் போத்தல் மூடியைத் திறந்து, மோதிரத்தை எடுத்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு வெள்ளைத் துணியை மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் மோதிரத்தை வைத்து, விசிறியைப் போட்டாள்.

“அன்ரி, இண்டைக்கு இஞ்ச நிண்டிட்டுப் போங்கோ. கல்லு காயட்டும். காய்ஞ்ச பிறகு பாருங்கோ.”

“என்னடி இது? ஏன் தண்ணிக்குள்ள கிடந்தது?” என்றார் மாமா.

“நாளைக்குச் சொல்லுறன் அண்ணா.”

 அந்த அம்மா சின்னம்மாவின் அறையில் தங்கினார். நான் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கல் கலங்கி, முன்னையைவிடக் கேவலமாகக் கிடந்தது. அந்த வியாபாரி புளுகிவிட்டாரோ என்று எனக்கே சந்தேகம் வந்து, அம்மாளாச்சியிடம் கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் முதலில் எழும்பிப் பார்த்தது நான்தான். கல்லின் ஓரத்தில் வெள்ளை ஏறியிருந்தது. அந்த வெள்ளைக்குள், ஊசி முனை அளவில், ஒரு பச்சை. நான் போட்ட கூச்சலில் வீடே எழும்பி வந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் அது அரைவாசிக்கு ஏறிவிட்டது. வெயில் முற்றத்துக்கு வர, செம்மஞ்சளும் நீலமும் வந்தன. மத்தியானத்துக்குள் பழைய கல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. பாலின் தயவில் ஒரு துளி மஞ்சள் சாயல் மட்டும் மிச்சம். அது எதியோப்பியாவில் விளைகிற, நீரை உறிஞ்சுகிற இயற்கைக் கல், மெல்பேர்ண் கடைகளிலும் விற்பார்கள் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு நானாகத் தேடி வாசித்தவை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கல் நல்ல கல். அந்த அம்மா கள்ளி இல்லை.

செய்தி கேட்டு ஓடிவந்த மாமாவை அப்போது பார்த்திருக்க வேண்டும். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் முன்னால் போய், “அக்கா, நான் பேசினது பிழை. மனசில வைச்சிருக்காதேங்கோ” என்றார். மாமா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உடனே வவுனியாவுக்குப் போன் எடுத்து, அந்த மகளின் மாமியாரையே கூப்பிட்டு, தன் வாயாலேயே எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். பிறகு சந்தைக்கு ஓடி, பெரிய அறக்குளா மீன் ஒன்றோடு வந்தார். அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள். அப்பாகூடப் பத்திரிகையை மடித்து வைத்தார். அந்த அம்மா முகம் கழுவித் திருநீறு பூசி, குசினியில் அம்மாவோடு தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். எனக்கு அன்று தீபாவளிபோல் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா மோதிரத்தை எடுத்து, “இஞ்ச வா பிள்ளை” என்று சின்னம்மாவின் கையைப் பிடித்தார். விரலில் போடப்போனார். சின்னம்மா கையை இழுக்கவில்லை. விரலை மட்டும் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

“அன்ரி, இது காயாமல் நான்தான் தண்ணிக்குள்ள வைச்சிருந்தனான். காய்ஞ்சா நிறம் வரும் எண்டு எனக்கு முதலே தெரியும்.”

அந்த அம்மா மோதிரத்தோடு நீட்டிய கையைத் தாழ்த்தினார். 

“உங்கட கல்லிலயும் குறையில்லை, உங்கட மகனிலயும் குறையில்லை. எனக்குப் போக விருப்பமில்லை. எனக்கு என்ர பள்ளிக்கூடம் வேணும். அதை அண்ணாவுக்குச் சொல்லப் பயந்து, கல்லைச் சொல்ல விட்டனான். அது உங்களைக் கள்ளி ஆக்கும் எண்டு நான் நினைக்கேல்லை.”

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் சின்னம்மாவை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “என்னட்டச் சொல்லப் பயமோ உனக்கு? என்னட்டயோ?” என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். பிறகு முற்றத்துக்கு இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் மறுபடி சின்னம்மாவோடு முகம் பார்த்துக் கதைக்க அடுத்த மாரி மழை வரவேண்டியிருந்தது.

அந்த அம்மா மோதிரத்தைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு சின்னம்மாவின் பக்கம் திரும்பினார்.

“பேசாமல் விட்டிருந்தா நான் நேற்றே போயிருப்பன். உன்ர விருப்பமும் நடந்திருக்கும். ஏன் பிள்ளை எடுத்துக் காயவிட்டனீ?”

“நீங்கள் அழுதீங்கள்” என்றாள் சின்னம்மா.

 அந்த அம்மா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். மகனுக்குத் தானே சொல்லிக்கொள்வதாக, அவன் நல்ல பிள்ளை, விளங்கிக்கொள்வான் என்பதாக ஏதோ முணுமுணுத்தார். அவருக்கும் கண்ணீர் ஓடியது. அம்மா பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு அவளும் அழத் தொடங்கினாள்.

எனக்கோ ஒன்றும் புரியவில்லை. கல்லில் நிறம் போனதால் சண்டை வந்தது. நிறம் வந்துவிட்டது, சண்டை முடிந்துவிட்டது. சின்னம்மா தண்ணீருக்குள் வைத்திருந்ததையும் சொல்லியாயிற்று, அதற்கு ஒருவரும் அவளை ஏசவும் இல்லை. இனி அழுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? நான் அந்த அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அதுதான் கல்லுச் சரியா வந்திட்டுதே, பிறகேன் எல்லாரும் அழுகிறீங்கள்?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். “ஓம் பிள்ளை, கல்லு வடிவாச் சரியா வந்திட்டுது” என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. நான் அம்மாவிடம் போய், கல்யாணத்துக்கு எனக்கு என்ன நிறத்தில் சட்டை தைப்பீர்கள் என்று கேட்டேன்.